அந்த முப்பதில் நான் இல்லை

அல்லாஹ் சாட்சி, நான் எழுதப்போவதில் ஒரு சொல்கூடக் கற்பனை இல்லை. வலக்கையைத் தூக்கிச் சொல்கிறேன். இடக்கையில் தேநீர்க் கிளாஸ் இருப்பதால் அதைத் தூக்கவில்லை. நம்பாதவர்கள் படகேறிக் கெர்க்கென்னாத் தீவுக்கு வந்து, அத்தாயா ஊரில் யாரை வேண்டுமானாலும் விசாரிக்கலாம். அவர்கள் வேறு விதமாகச் சொன்னால், அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

அத்தாயா துறைக்கு எதிரே என் மளிகைக் கடை. ஆலிவ் எண்ணெய், ஹரிஸ்ஸா மிளகாய் விழுது, மக்ரோனி, சூரைமீன் டின், வலை தைக்கிற நூல் எல்லாம் விற்றேன். விற்றேன் என்பது வாய்ப்பழக்கம். உண்மையில் எடுத்துக் கொடுத்தேன், நோட்டில் எழுதினேன். எங்கள் ஊரில் எல்லாக் கடனுக்கும் ஒரே தவணைதான்: பேய்க்கணவாய் ஏறும்போது. மண்பானைகளைக் கயிற்றில் கோத்துக் கடலடியில் இறக்கி வைப்பார்கள். எட்டுக் கால் பேய்க்கணவாய், வாடகையில்லாத வீடு கிடைத்தது என்று உள்ளே குடியேறும். குளிர்காலத்தில் பானைகள் நிறைந்தால் என் நோட்டில் சில பக்கங்கள் அடையும். நிறையாவிட்டால் அடுத்த குளிர்காலம். அதுவும் இல்லாவிட்டால், குளிர்காலங்களுக்கு என்ன பஞ்சம்?

நோட்டு சரியாக நாலு கிலோ. இரும்புப் படிக்கல் தொலைந்தபோது அதைத்தான் தராசில் வைத்து மாவு நிறுத்தேன். காலையில் நாலைந்து பேர் கடன் வாங்கினால் மையின் கனம் ஏறி, மதியம் வருகிறவர்களுக்கு மாவு கொஞ்சம் கூடுதலாகப் போகும். யாரும் புகார் சொன்னதில்லை.

கடையில் பாதிப் பங்கு என் மச்சான் மொன்ஜிக்கு, அதாவது என் மனைவியின் தம்பிக்கு. அவன் ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் இருந்தான். வருடத்துக்கு ஒருமுறை வருவான், லாபத்தில் பாதியை வாங்கிக்கொண்டு போவான். ஒரு டிசம்பரில் அவன் பெட்டியோடு வந்து இறங்கினான்.

"மச்சான், நான் ஸ்ஃபாக்ஸ்ல காப்பிக்கடை வைக்கப் போறேன். என் பங்கப் பிரிச்சுக் குடு."

சரக்கைப் பிரிப்பதில் சண்டையே இல்லை. மூட்டைக்கு மூட்டை எண்ணினோம். ஒற்றையாக மிஞ்சிய ஒரு சூரைமீன் டின்னைத் திறந்து ஆளுக்குப் பாதி தின்றோம். கடைசியில் நோட்டு நின்றது. அதில் ஊரார் தரவேண்டியது, ஆயிரம் மில்லிம் ஒரு தினார் என்ற கணக்கில், பதினெட்டாயிரம் தினார்.

"என் பாதி ஒம்பதாயிரம்" என்றான் மொன்ஜி. "ரொக்கமா எண்ணி வை."

"அது இன்னும் என் கைக்கே வரலயேப்பா."

"வரும்ல? வர்றப்ப முழுசா நீயே வெச்சுக்கோ. எனக்கு இப்ப குடு. முடியாதுன்னா கடைய வித்துக் குடு. பத்திரத்துல அப்படித்தான் எழுதியிருக்கு."

பத்திரத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. என்னிடம் இருந்தது எள் அல்வா டின்னுக்குள் ஆறாயிரம் தினார். எப்படி எண்ணினாலும் ஆறாயிரம்தான். இரண்டு முறை பின்னாலிருந்தும் எண்ணிப் பார்த்தேன். ஒன்பதாயிரம் கேட்டால் கடை போய்விடும். கடை போனால் அந்த வயதில் நான் பானை இறக்கப் போகவேண்டும். நான் பானை இறக்கினால் பேய்க்கணவாய்கள்கூடச் சிரிக்கும்.

கணக்கு முடிக்க ஸ்ஃபாக்ஸிலிருந்து திஜானி என்ற கணக்காளரை இருவரும் பேசி வரவழைத்தோம். கடல் ஒத்துக்கொள்ளாத மனிதர்; படகில் படுத்தபடியே வந்து, படுத்தபடியே இறக்கப்பட்டார். நிமிர்ந்து உட்கார்ந்ததும் பன்னிரண்டு வருட நோட்டுகளையும் கேட்டார். கடையின் பின்னறையில் மூன்று நாள் உட்கார்ந்து புரட்டினார். இரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஸாஸி, இங்க வாங்க. 'ஹரிஸ்ஸா அரை பாட்டில், எண்ணூத்தம்பது மில்லிம், பேய்க்கணவாய்'னு எழுதியிருக்கு. இது யாரோட பட்டப்பேரு?"

"பட்டப்பேரு இல்ல திஜானி ஐயா. அதுதான் பேரு. மீனவன் ஜீலானி இருக்கான்ல, அவன் வாளியில உயிரோட கொண்டாந்து வெச்சான். நாங்க விலை பேசிட்டு இருந்தப்ப அது ஏறி வந்து, மூடியத் திருகித் திறந்து, பாதிய முடிச்சிருச்சு. ஜீலானி காசு தர மாட்டேனுட்டான். 'நானா தின்னேன்?'னு கேட்டான். நியாயம்தானே? தின்னவன் பேர்ல எழுதிட்டேன்."

"இப்ப அது எங்க?"

"அன்னைக்கு மத்தியானமே குழம்பாயிருச்சு."

திஜானி முகம் மாறாமல் அந்த வரியின் மேல் கோடு போட்டார். "இது சந்தேகமே இல்லாம வராது. ஆள் தெரிஞ்சா இப்படி அடிச்சிடலாம். இப்ப சொல்லுங்க, மத்தவங்கள்ல யாரு தர மாட்டாங்க?"

"எல்லாரும் தருவாங்க" என்றேன். என் வாடிக்கையாளர்களை இன்னொருவர் முன்னால் விட்டுக் கொடுப்பவன் நான் இல்லை.

"பன்னெண்டு வருஷமா எல்லாரும் தந்தாங்களா?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"நானே எண்ணிட்டேன்" என்றார் திஜானி. "நூறு தினாருக்குக் கடன் குடுத்தா எழுபதுதான் திரும்பி வந்திருக்கு. முப்பது வரல. ஒருத்தர் செத்துப்போறாரு, ஒருத்தர் படகேறி இத்தாலி போறாரு, ஒருத்தர் மறந்துடறாரு. வருஷா வருஷம் ஆள் மாறுது, முப்பது மட்டும் மாறல."

"அப்ப இந்த வருஷத்து முப்பது யாரு தலையில?"

"அது எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியாது, தராமப் போகப்போறவனுக்கே தெரியாது. தொகை தெரியும், பேரு தெரியாது. அதனால யார் பக்கத்திலயும் கை வைக்காம, தனிப் பக்கத்துல எழுதறோம். வாராக்கடன் ஒதுக்கீடு, ஐயாயிரத்து நானூறு தினார்."

"வராமப் போறப்ப எழுதிக்கலாமே? இப்பவே ஏன் அபசகுனமா?"

"எப்ப வரலன்னு முடிவு பண்ணுவீங்க?"

"ஆளு மௌத்தாகி அடக்கம் பண்றப்ப."

"அதுக்குப் பத்து வருஷம் ஆகும். ஆனா இந்த வருஷம் குடுத்த மாவுக்கு இந்த வருஷமே லாபம்னு எழுதிட்டீங்க, பாதிய உங்க மச்சானுக்கும் குடுத்துட்டீங்க. அதுல ஒரு பங்கு வரவே போறதில்லன்னு உங்க நோட்டே சொல்லுது. வித்த வருஷத்துலயே அதக் கழிக்கலன்னா, இல்லாத காச இருக்கறதா நெனச்சுச் செலவு பண்ணுவீங்க. இப்ப பாருங்க, வராத காசுல பாதிய உங்ககிட்ட ரொக்கமா கேக்கறாங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தில் எனக்குக் கணக்கியல் முழுவதும் புரிந்துவிட்டது. பதினெட்டாயிரத்தில் ஐயாயிரத்து நானூறு போனால் பன்னிரண்டாயிரத்து அறுநூறு. அதில் பாதி ஆறாயிரத்து முன்னூறு. ஆறாயிரம் டின்னில் இருக்கிறது. முன்னூறை எப்படியாவது புரட்டலாம். கடை தப்பித்தது.

மொன்ஜி ஒத்துக்கொள்ளவில்லை.

"மனுஷங்கள நம்பாத கணக்கெல்லாம் ஒரு கணக்கா? ஊர்ல ஒவ்வொருத்தரும் தங்கம், மச்சான். சொக்கத் தங்கம்! அவங்களப் போயி வாராக்கடன்னு எழுதறியே, உன் கை எப்படி வருது?"

சொல்லிவிட்டு நேராக ஊர்க் காப்பிக்கடைக்குப் போனான். அங்கே நாற்காலி மேல் ஏறி நின்று அறிவித்தான்: "கேட்டுக்கோங்க! உங்கள்ல நூத்துக்கு முப்பது பேரு ஏமாத்துக்காரங்கன்னு ஸாஸி எழுதி வெச்சிருக்கான்!"

திஜானி எழுதியது நூற்றுக்கு முப்பது தினார். என் கடையிலிருந்து காப்பிக்கடை நாற்பது அடி. அந்த நாற்பது அடிக்குள் தினார்கள் எல்லாம் ஆட்களாகிவிட்டன.

முதலில் வந்தவள் மஹ்பூபா. கடல் வற்றும்போது சேற்றில் சிப்பி பொறுக்கி விற்பவள். ஐம்பது வயது, ஆனால் குரலுக்கு இருபதுதான் இருக்கும். கூடையைத் தரையில் போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"ஸாஸி அண்ணே, நேரா கேக்கறேன். நான் முப்பதுலயா, எழுபதுலயா?"

"அது ஆள் இல்ல மஹ்பூபா, காசு. அதுல யார் பேரும் கெடையாது."

"பேரில்லாம எப்படித் திட்டுவ? பேரச் சொல்லித் திட்டு, நானும் பேரச் சொல்லித் திட்டறேன். அதுதான் மரியாத."

"யாரையும் திட்டலம்மா. சிப்பி வியாபாரி உன்கிட்ட என்ன பண்றான்? கிலோவுக்கு நூறு கிராம் மண் சிப்பி இருக்கும்னு கழிக்கிறான்ல? எது மண்ணுன்னு ஒவ்வொண்ணாத் திறந்தா பாக்கறான்?"

"அவன் கழிக்கிறது சிப்பிய. சிப்பிக்கு ரோஷம் கெடையாது, எனக்கு இருக்கு! என் கடன் நாப்பத்தி மூணு தினாரு எழுநூறு மில்லிம். ரெண்டு வருஷமா அதே நாப்பத்தி மூணு எழுநூறு. ஒரு மில்லிம் ஏறியிருக்கா? அவ்ளோ ஒழுங்கா வெச்சிருக்கேன். என்னப் போயி சந்தேகப்படறியா?"

அவள் பின்னால் ஜீலானி நின்றான். அவன் பின்னால் ஊர் நின்றது. கடன் பக்கம் உள்ள வீடுகள் நூற்று நாற்பது. கூடி நின்ற கூட்டம் ஆயிரத்து நானூறு. ஊரின் ஜனத்தொகையே ஆயிரத்து முன்னூறுதான். மிச்சம் நூறு பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. சண்டை முடியட்டும் என்று துறையில் படகை நிறுத்திவைத்திருந்தார்கள், அதிலிருந்து வந்திருக்கலாம்.

"ஜீலானி, நீ சொல்லு" என்றேன். "நீ நூறு பானை இறக்கற. நூறு பேய்க்கணவாய்னு எண்ணிக்கிட்டா வீட்டுக்கு வர்ற?"

"பைத்தியமா நான்? கயிறு அறுந்து பத்து போகும், பத்து உடையும், பத்து காலியாக் கெடக்கும்."

"ஆக முப்பது! எந்த முப்பதுன்னு இறக்கறப்பவே தெரியுமா?"

ஜீலானி கொஞ்சம் யோசித்தான். அவன் முகத்தில் வெளிச்சம் வருவதுபோல் இருந்தது. பிறகு அதை அவனே அணைத்துக்கொண்டான்.

"அதெல்லாம் சரி. ஆனா எந்தப் பானையும் என்கிட்ட வந்து சலாம் சொல்லி, 'எம்புள்ள எப்படி இருக்கான்'னு கேட்டதில்ல. நான் உன்கிட்ட தெனம் கேக்கறேன். அந்த ஒதுக்கீட்ட அடி, ஸாஸி. இல்லாட்டி ஊரே சேந்து முடிவு பண்ணியிருக்கு."

"என்ன முடிவு?"

"இனிமே உன் கடையில யாரும் கடன் வாங்க மாட்டோம்!"

பின்னறையிலிருந்து திஜானி கை தட்டும் சத்தம் கேட்டது. கூட்டம் அதைத் தங்களுக்கு எதிரானதாக எடுத்துக்கொண்டு இன்னும் கொதித்தது.

"அடிக்க மாட்டேன்" என்றேன். எனக்கும் பிடிவாதம் உண்டு. "முப்பதுன்னா முப்பதுதான். பன்னெண்டு வருஷ நோட்டு பொய் சொல்லாது."

"அப்ப நாங்க பொய் சொல்றோமா?" என்றாள் மஹ்பூபா. "குடு அந்த நோட்ட. என் பக்கத்துல நானே எழுதறேன்: நல்ல கடன். கையெழுத்துப் போடறேன். எவன் சந்தேகப்படறான்னு பாக்கறேன்!"

அப்படித்தான் ஆரம்பித்தது. அவள் போட்டாள். அடுத்து ஜீலானி போட்டான். பிறகு வரிசை. எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள், தெரியாதவர்கள் பெருவிரல் வைத்தார்கள். இறந்துபோன ஃபர்ஹாத்துக்கு அவர் மகன்கள் மூவரும் தனித்தனியாகக் கையெழுத்திட்டு, ஒரே கடனை மூன்று மடங்கு நல்ல கடனாக்கினார்கள். பலெர்மோவுக்குப் போய்விட்ட ஒருவன் தபால் ஆபீசுக்குப் போன் போட்டு, "என் கடன் நல்ல கடன், யாரும் அடிக்காதீங்க" என்று அழுதானாம். வண்டிக்கார ரம்லானின் கழுதைக்குத் தவிட்டுக் கணக்கு தனியாகப் பதினோரு தினார் இருந்தது. அது முன்காலைத் தூக்கி வைத்தது. கடைசியில் ஜீலானி ஒரு வாளியோடு திரும்பி வந்தான். அடிக்கப்பட்ட எண்ணூற்றைம்பது மில்லிமுக்கு வாரிசு வந்திருக்கிறது என்றான். வாரிசு மட்டும்தான் அன்று சொந்த மையில் கையெழுத்திட்டது.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மாலைத் தொழுகைக்கு முன் நூற்று நாற்பது பக்கங்களும் நல்ல கடனாகிவிட்டன. கல்லாவில் ஒரு மில்லிம்கூட விழவில்லை.

மொன்ஜி நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகத் திருப்பிக் கூட்டத்துக்குக் காட்டினான்.

"பாத்தியா மச்சான்! சந்தேகம் எங்க? ஒரு பக்கத்துலயாவது இருக்கா? எல்லாம் தங்கம்! எடு ஒம்பதாயிரம்!"

கூட்டம் ஆரவாரித்தது. தங்கள் மானம் காப்பாற்றப்பட்ட மகிழ்ச்சி அவர்களுக்கு. அந்த மானத்துக்கு விலை என் கடை என்பது யாருக்கும் தோன்றவில்லை. திஜானி என் காதருகே குனிந்தார்.

"கையெழுத்துப் போட்டதால காசு வந்துடாது. எந்தக் கணக்குலயும் இது செல்லாது. ஆனா இந்தக் கூட்டத்துக்கு நடுவுல நான் அதச் சொன்னா, இன்னைக்குப் படகேற மாட்டேன்."

நான் அல்வா டின்னைப் பார்த்தேன். கடைப் பலகையைப் பார்த்தேன். எனக்கு வாழ்க்கையில் கோபம் வந்தது இரண்டே முறை. முதல் முறை ஏன் வந்தது என்று மறந்துவிட்டது. இது இரண்டாவது.

"சரி மொன்ஜி" என்றேன். கத்தவில்லை, ஆனால் துறை வரை கேட்டது. "எல்லாம் தங்கம். ஒத்துக்கறேன். தங்கத்துக்குப் பதிலா நான் எதுக்கு உனக்குக் காகிதப் பணத்தத் தரணும்? தங்கத்தையே எடுத்துக்கோ. இந்தா கத்தரிக்கோல். நோட்ட வெட்டிக்கலாம். உனக்குப் பிடிச்ச பக்கங்கள நீயே மொதல்ல பொறுக்கு. ஒம்பதாயிரம் சேர்றவரைக்கும் எடு. மிச்சம் எனக்கு. நான் வாயே திறக்க மாட்டேன்."

மொன்ஜி கத்தரிக்கோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நான்... பக்கங்கள எடுத்துட்டு என்ன பண்றது?"

"வசூல் பண்ணு. சொக்கத் தங்கம்ல? உருக்கி எடுத்துட்டுப் போ."

பின்வாங்க வழியில்லை, அவனே சொன்ன வார்த்தை. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். விரலை நனைத்து முதல் பக்கத்தைத் திருப்பினான். பள்ளிக்கூட வாத்தியார். வெட்டினான். அடுத்தது ஃபர்ஹாத்தின் மகன்கள். பக்கம் அமைதியாகப் புரண்டது.

"ஏம்ப்பா, எங்களுது?" என்றான் மூத்த மகன்.

"பொறு, திரும்பி வர்றேன்."

இமாம். வெட்டினான். தபால்காரர். வெட்டினான். ஓய்வூதியம் வாங்கும் இரண்டு பேர். வெட்டினான். பிறகு வரிசையாகப் பதினாலு மீனவர் வீடுகள். ஒன்றிலும் விரல் நிற்கவில்லை, தாண்டிக்கொண்டே போனது. ஜீலானியின் பக்கம் வந்தபோது காற்றில் புரண்டதுபோல் தானாகவே தாண்டியது.

"டேய் மொன்ஜி!" என்றான் ஜீலானி. "நாற்காலி மேல ஏறி என்னத் தங்கம்னு சொன்னது நீதான?"

"தங்கம்தான்ணே. ஆனா கணவாய் இந்த வருஷம் எப்படி ஏறும்னு..."

"அதத்தான்டா ஸாஸி மொதல்லயே சொன்னான்!"

எல்லோரும் விரலையே பார்த்தார்கள். அது தாண்டும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு முனகல் எழுந்தது. மஹ்பூபாவின் பக்கம் வந்தது. மொன்ஜி மேலே பார்த்தான். அவள் அவன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றாள்.

"வெட்டு" என்றாள்.

அவன் வெட்டவில்லை. தாண்டினான்.

பதினேழு பக்கங்களோடு கத்தரிக்கோல் நின்றது. திஜானி கூட்டிப் பார்த்துச் சத்தமாக அறிவித்தார். கூட்டத்தின் மனம் எந்தப் பக்கம் திரும்பிவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "எடுத்தது ரெண்டாயிரத்து எழுநூறு தினார். தாண்டினது பதினஞ்சாயிரத்து முன்னூறு. ஸாஸி நூத்துக்கு முப்பதுதான் சந்தேகப்பட்டாரு, அதுவும் பேர் சொல்லாம. மொன்ஜியோட விரல் நூத்துக்கு எண்பத்தஞ்ச சந்தேகப்பட்டிருக்கு. ஒவ்வொரு பேரையும் தொட்டுத் தொட்டு."

அதற்குப் பிறகு மொன்ஜியைக் கூட்டம் அடித்ததா என்று கேட்பீர்கள். இல்லை. அவன் குடித்திருந்த காப்பிக்கு மட்டும் காசு கேட்டார்கள். உடனே, ரொக்கமாக. எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

"ரெண்டு வழிதான் மச்சான்" என்றேன். "ஒம்பதாயிரத்துக்குக் குறையுற ஆறாயிரத்து முன்னூற மிச்சப் பக்கங்கள்ல கண்ண மூடிட்டு எடுத்துக்கோ. இல்லன்னா திஜானி சொன்ன கணக்குப்படி ஆறாயிரத்து முன்னூறு ரொக்கம் வாங்கிக்கோ, வெட்டின பக்கங்களத் திருப்பி ஒட்டிட்டுப் போ."

"ரொக்கம்" என்றான் அவன், தரையைப் பார்த்து.

டின்னைத் திறந்து ஆறாயிரத்தை எண்ணி வைத்தேன். முன்னூறு குறைந்தது. கூட்டத்தைப் பார்த்தேன்.

"நல்ல கடன்காரங்களே, முன்னூறு தினாரு வேணும். இப்பவே."

ஆயிரத்து நானூறு பேரும் ஒரே நேரத்தில் கடலைப் பார்த்தார்கள். கடலில் அன்று விசேஷமாக எதுவும் இல்லை.

மொன்ஜியின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. அவன் செய்த ஒரே தப்பு அதுதான். மஹ்பூபா அதைப் பார்த்துவிட்டாள். இடுப்பிலிருந்து முடிச்சை அவிழ்த்து, ஈரமான நோட்டுகளும் சில்லறையுமாக நாற்பத்து மூன்று தினார் எழுநூறு மில்லிமைத் தராசுத் தட்டில் அடித்து வைத்தாள். அது அடுத்த வாரம் கூரைக்கு வைத்திருந்த காசு என்று எனக்குத் தெரியும்.

"என்னத் தாண்டின விரலு அது, நல்லாப் பாத்துக்கட்டும்" என்றாள். "கூர ஒழுகினா ஒழுகட்டும். வாராக்கடன்னு எவன் சொன்னான்? வந்திருச்சு பாரு!"

"எம்பங்கையும் புடி!" என்று ஜீலானி முப்பது தினாரை விட்டெறிந்தான். ஃபர்ஹாத்தின் மகன்கள் பத்துப் பத்தாக வைத்தார்கள். தாண்டப்பட்ட வீடுகள் ஒவ்வொன்றாக முன்னால் வந்தன. தாண்டப்படாத பதினேழு வீடுகளில் ஒருவர்கூட வரவில்லை. இரண்டு தினார், ஐந்து தினார், காய்ந்த கணவாய் ஒன்று. கழுதை மட்டும் கால் வைத்ததோடு சரி. திஜானி எண்ணினார். முன்னூறு தினார் நாற்பது மில்லிம். நாற்பது மில்லிமை மொன்ஜிக்கே கொடுத்தேன், படகில் எதையாவது கொறித்துக்கொண்டு போகட்டும் என்று. அவன் அதையும் எண்ணி வாங்கிக்கொண்டான்.

கடை என்னிடம் நின்றது. ஆனால் மஹ்பூபா நகரவில்லை.

"அந்த ஒதுக்கீட்ட அடிச்சிட்டியா?"

"அடிக்கல. அடிக்கவும் மாட்டேன். அதுதான் இந்தக் கடையக் காப்பாத்துச்சு."

"சரி, இருக்கட்டும். ஆனா அதுல நான் இல்லன்னு எழுதிக் குடு."

திஜானியைப் பார்த்தேன். அவர் பேனாவை மூடினார். "தொகைக்குத்தான் சந்தேகம், ஆளுக்கு இல்ல. அப்படிப் பாத்தா, எழுதிக் குடுக்கறதுல கணக்குப்படி எந்தத் தப்பும் இல்ல" என்றார்.

ஒரு சீட்டில் எழுதினேன்: "இதைக் கொண்டு வருபவர் அந்த முப்பதில் இல்லை." கீழே கையெழுத்து, கடை முத்திரை. அவள் அதைப் படித்து, மடித்து, முடிச்சில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். போகும்போது ஒரு பாட்டில் எண்ணெய் எடுத்தாள். நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

மறுநாள் ஜீலானி வந்து, "எனக்கும் ஒண்ணு" என்றான். அந்த வாரத்துக்குள் நூற்று நாற்பது சீட்டுகள் எழுதினேன். கழுதைக்கும் ஒன்று. சிலர் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் அந்தச் சீட்டைக் கேட்க ஆரம்பித்தார்கள். நாற்பது அடிக்கு அப்பால் காப்பிக்கடையில் யாராவது கடன் கேட்டு, கடைக்காரர் தயங்கினால், சீட்டை எடுத்து மேஜையில் போட்டார்கள்.

அடுத்த டிசம்பரில் திஜானி படுத்தபடியே வந்து இறங்கினார். கணக்குப் பார்த்தார். ஊரில் ஒருவர்கூட அந்த முப்பதில் இல்லை. எல்லோரிடமும் என் கையெழுத்திட்ட சீட்டு இருந்தது. நூறு தினாரில் வந்தது எழுபது. திஜானி பேனாவைத் துடைத்து, புதுப் பக்கத்தில் ஒதுக்கீட்டை எழுதினார். நான் இன்னொரு கட்டு சீட்டுக் காகிதம் வாங்கி வைத்தேன்.

தேநீர்க் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, இப்போது இடக்கையையும் தூக்கிச் சொல்கிறேன்: அத்தாயாவில் எனக்கு ஒருநாளும் கடை இருந்ததில்லை. அங்கிருக்கும் மளிகைக் கடையின் நோட்டில் என் பெயரில் இருநூற்றுப் பத்து தினார் பதினோரு வருடமாக நிற்கிறது.